பயம் தெரியாத பிள்ளை

சார்ஜ் தீர்ந்துபோன ஹெட்செட்டும் தூங்குகிற பிள்ளையும் காதுக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். இரண்டிலிருந்தும் ஒரு சத்தமும் வராது. இந்த ஞானம் எனக்கு வந்த அன்று நான் கொல்லையில் துணி அலசிக்கொண்டிருந்தேன். கைப்பிள்ளை கூடத்தில் தூளியில் கிடந்தான். தூளிக்குப் பக்கத்து ஜன்னலில் என் போன் இருந்தது. என் வலது காதில் வயரில்லாத ஹெட்செட்டின் ஒரு பக்கம். போனில் ஒரு வசதி உண்டு. அதைத் தட்டிவிட்டால் போன் மைக்காக மாறி, பக்கத்தில் கேட்கும் சத்தத்தையெல்லாம் பெரிதாக்கி ஹெட்செட்டுக்கு அனுப்பும். பிள்ளை முனகினால் கொல்லையில் இருக்கும் எனக்குக் கேட்டுவிடும். அந்த நம்பிக்கையில்தான் நிதானமாகச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தேன். பிள்ளை நன்றாகத் தூங்குகிறானே என்று சந்தோஷம் வேறு.

திரும்பிப் பார்த்தால் என் மாமியார் நிற்கிறார். நூறுநாள் வேலைக்குப் போனவர், தலையில் கட்டிய துண்டைக்கூட அவிழ்க்காமல் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறார். பிள்ளையின் முகம் கத்திரிக்காய் நிறத்துக்குப் போயிருந்தது. வாய் அகலத் திறந்திருந்தது. அந்த வாயைத்தான் நான் பார்த்தேன், அதிலிருந்து வந்த சத்தம் எனக்கு வரவில்லை. அவர் முகத்துக்கு நேரே வந்து கத்தியதுதான் உதட்டைப் பார்த்துப் புரிந்தது.

“தெருமுக்குல வாரேன், அங்கிட்டே கேக்குது. புள்ள தொண்ட கிழியக் கத்துது. ஒனக்கு என்ன, காது செவிடா?”

திட்டுகிறவர்கள் எல்லாரும் சொல்கிற வார்த்தைதான். ஆனால் எனக்கு உண்மையாகவே காது கேட்காது. அந்த வீட்டில் அது யாருக்கும் தெரியாது.

ஒரேயடியாகப் போய்விட்டது என்று சொல்ல முடியாது. கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. கல்லூரியில் நான் முதல் பெஞ்சு. படிப்பில் ஆர்வம் என்று நினைத்தார்கள். பாடம் நடத்துகிறவர் வாயைப் பார்க்கத்தான் அங்கே உட்கார்ந்தேன். பிறகு கீரனூரிலிருந்து திருச்சிக்கு பஸ்ஸில் வேலைக்குப் போய்வந்த காலத்தில், பக்கத்து சீட்டுப் பெண்கள் சிரித்தால் நானும் சிரிப்பேன். எதற்கு என்று தெரியாது. அவர்கள் முகத்தைச் சுளித்தால் நானும் சுளிப்பேன். பெண் பார்க்க வந்த அன்று அம்மா என்னை உள்ளே இழுத்துப் போய், “காது மந்தம்னு ஒருத்தருக்கும் தெரிய வேணாம். என்ன கேட்டாலும் தலைய ஆட்டு, போதும்” என்றாள். ஆட்டினேன். அடக்கமான பெண் என்று பேர் கிடைத்தது.

பிரசவத்துக்குப் பிறகு இன்னும் இறங்கிவிட்டது. குளத்தூர்ப் பக்கம் அம்மா வீட்டில் இருந்தவரை அம்மாவின் காதுதான் எனக்கும் காது. பிள்ளை அழுதால் அவள் என் முழங்கையைத் தட்டுவாள். மூன்றாம் மாதம் நார்த்தாமலைப் பக்கம் இருக்கும் மாமியார் வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டபோது, அந்தத் தட்டு அங்கேயே நின்றுவிட்டது. வீட்டுக்காரர் சவுதியில். மாமனார் காலமாகிவிட்டார். வீட்டில் அத்தையும் நானும் பிள்ளையும்தான். எனக்கு ஒரே பயம். பிள்ளை அழுவது கேட்காத தாய் என்று தெரிந்தால் அவனை என்னிடம் தனியாக விடுவார்களா? மறைத்துக் கட்டிவைத்துவிட்டார்கள் என்று பேச்சு வராதா? பிள்ளைக்கே ஏதாவது ஆகிவிட்டால்? சோறு இறங்காது எனக்கு.

காது மெஷின் வாங்கலாமே என்று கேட்பீர்கள். காதில் மெஷின் வைத்தால் செவிடு, ஹெட்செட் வைத்தால் ஸ்டைல். ஊர் வழக்கம் அப்படி. ஹெட்செட் என் வீட்டுக்காரர் வாங்கித் தந்தது. அடுப்படியில் வேலை செய்துகொண்டே தன்னோடு பேசலாம் என்று ஆசைப்பட்டு வாங்கினார். போனை மைக்காக்கும் வித்தையை நான் ஒரு வீடியோவில் பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

முதன்முதலாக அதைப் போட்டுக்கொண்டு தூளிப் பக்கம் போனை வைத்தபோது, ஏதோ புஸ் புஸ் என்று கேட்டது. போன்தான் பழுதோ என்று நினைத்தேன். பிள்ளையின் மூச்சு அது. அடுப்படியில் நின்று அழுதுவிட்டேன்.

ஆனால் அதோடு குடித்தனம் நடத்துவது லேசு இல்லை. ஆளின் உதடு முதலில் அசையும், குரல் ஒரு நொடி கழித்து வந்து சேரும். பேச்சு எவ்வளவு பெரிதாகிறதோ அவ்வளவு மிக்ஸியும் பெரிதாகும், தட்டு விழுவது இடி விழுவதாகிவிடும். ஒரு பக்கம் என் காதில் இருக்கும்போது மறுபக்கம் அதன் டப்பாவுக்குள் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்க வேண்டும். மாற்றி மாற்றிப் போட மறந்தால் முதலில் சொன்ன கதைதான். வீட்டுக்காரர் போன் பண்ணினால் அது இன்னொரு கண்டம். அழைப்பு வந்ததும் பிள்ளையின் சத்தம் நின்று அவர் குரல் வந்துவிடும். “சாப்பிட்டியா புள்ள?” என்று ஆசையாகத்தான் ஆரம்பிப்பார். எனக்கு உயிரெல்லாம் தூளியில் இருக்கும். இரண்டு வார்த்தையில் வைத்துவிடுவேன். அவர் கோபித்துக்கொள்வார். கோபித்தால் கோபித்துக்கொள்ளட்டும் என்று இருந்தேன்.

அத்தைக்குச் சந்தேகம் வராமல் இருக்குமா?

“எந்நேரமும் காதுல அதையே மாட்டிக்கிட்டுத் திரியிறியே, அப்புடி யாருகிட்டதான் பேசுற?”

“பாட்டுக் கேக்குறேன் அத்தை.”

“என்ன பாட்டு?”

ஒரு பாட்டும் வாயில் வரவில்லை. நான் கேட்டுக்கொண்டிருந்தது அவர் பேரனின் விக்கலை. அத்தை என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனார். புருஷன் வெளிநாட்டில் இருக்கிற பெண் காதில் எதையோ மாட்டிக்கொண்டு தனக்குத்தானே சிரித்தால் ஊர் என்ன நினைக்கும் என்று எனக்கும் தெரியும். கெட்ட பேரா, செவிட்டுப் பேரா என்று வந்தபோது கெட்ட பேரே தேவலை என்று வாயை மூடிக்கொண்டேன். என் பயம் அந்த அளவுக்கு இருந்தது.

பங்குனியில் நார்த்தாமலை அம்மன் கோயிலுக்குப் பிள்ளையை எடுத்துப் போனோம். நல்ல கூட்டம். அத்தை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனார். கூட்டத்தில் அத்தை கூப்பிட்டால் கேட்க வேண்டுமே என்று நான் ஹெட்செட்டோடு பின்னால் போனேன். திடீரென்று பக்கத்திலேயே அதிர்வேட்டுப் போட்டார்கள். எனக்கு மண்டை பிளந்துவிட்டது. காதிலிருந்ததைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். சுற்றி இருந்த பிள்ளைகள் எல்லாம் வீறிட்டு அழுகின்றன. என் மகன் மட்டும் அத்தையின் தோளில் சாய்ந்தபடி பலூன்காரனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“பாத்தீங்களாடி? எம்பேரன் அசையல. பயம்னா என்னன்னே தெரியாத புள்ள. இவுக தாத்தாவும் இப்புடித்தான், இடி விழுந்தாலும் திரும்பிப் பாக்க மாட்டாக.”

அத்தை இதை வீடு வந்து சேரும்வரை சொன்னார். மறுநாள் குழாயடியில் சொன்னார். வெளிநாட்டுக்குப் போன் போட்டு மகனிடமும் சொன்னார். குக்கர் விசில் அடித்தாலும் தூங்குவான், எவ்வளவு சமத்து என்றார். எனக்கும் பெருமைதான். பயந்தாங்கொள்ளி வயிற்றில் இப்படி ஒருவன் வந்து பிறந்தானே என்று அவனுக்கு ஒரு முத்தம் கூடக் கொடுத்தேன்.

அப்புறம் ஒரு பகல். மறக்க முடியாத பகல். அத்தை கூடத்தில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். ஜன்னலில் போனைப் பார்த்தால் ஏதாவது கேட்பார் என்று, அன்று அதைத் தூளிக்குள்ளேயே பிள்ளையின் தலைமாட்டில் துணிக்கு அடியில் செருகியிருந்தேன். நான் அடுப்படியில் இருந்தேன். அத்தை முறத்தோடு எழுந்து என் பக்கம் வருவதைப் பார்த்ததும், திருடி மாதிரி ஹெட்செட்டைக் கழற்றி டப்பாவில் போட்டு மூடினேன். மூடினால் என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை. ஹெட்செட் போனதும் சத்தமெல்லாம் போனின் ஸ்பீக்கருக்கே வந்துவிட்டது. போன் தன் சத்தத்தைத் தானே கேட்டு, தானே பெரிதாக்கி, அதையே மறுபடியும் கேட்டு ஊளையிட்டது. கோயில் விழாவில் மைக் செட்காரர் மைக்கைத் தூக்கியதும் ஒரு கூப்பாடு வருமே, அதே கூப்பாடு. காதில் ஒன்றும் இல்லாத எனக்கே கேட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அத்தை முறத்தைப் போட்டுவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். அரிசி அடுப்படி முழுக்கச் சிதறியது.

இருவரும் ஓடினோம். துணிக்கு அடியில் கையை விட்டு போனை எடுத்து அணைத்தேன்.

பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தான். கடைவாயில் பால் வழிந்திருந்தது. அவன் காதுக்கும் போனுக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை.

அத்தை என்னைப் பார்த்தார். நான் பிள்ளையைப் பார்த்தேன். இந்தத் தடவை யாரும் சமத்து என்று சொல்லவில்லை.

அத்தை அடுப்படிக்குப் போய் எவர்சில்வர் தாம்பாளத்தையும் கரண்டியையும் எடுத்து வந்தார். பிள்ளையின் தலைமாட்டில் நின்று அடித்தார். அவன் அசையவில்லை. இன்னும் வேகமாக அடித்தார். போதும் அத்தை, போதும் என்று நான் கையைப் பிடித்த பிறகும் அடித்தார். கடைசியில் தாம்பாளம் தூளிக் கயிற்றில் இடித்து, தூளி ஆடி, பிள்ளை கண்ணைத் திறந்தான். அத்தையின் முகத்தைப் பார்த்துப் பொக்கை வாயைத் திறந்து சிரித்தான்.

அவன் சிரிப்பைப் பார்த்து நான் பயந்தது அன்றுதான். அவன் அழுவது எனக்குக் கேட்காதே என்றுதான் அத்தனை மாதமும் செத்துச் செத்துப் பிழைத்தேன். நான் பேசுவது அவனுக்குக் கேட்கிறதா என்று ஒரு நாள்கூட எனக்குத் தோன்றவில்லை. தூளியை ஆட்டிக்கொண்டு எவ்வளவு தாலாட்டுப் பாடியிருப்பேன். ராகம் சரியாக இருக்கிறதா என்று ஹெட்செட்டில் கேட்டுக் கேட்டுப் பாடுவேன். அத்தனையும் போனுக்குள் போய் என் காதுக்கே திரும்பி வந்திருக்கிறது. தூளிப் பக்கத்தில் அதைக் கேட்ட ஒரே ஆள் நான்தான்.

“இது எதுக்குப் புள்ள தலமாட்டுல இருந்துச்சு?” என்றார் அத்தை, போனைக் காட்டி.

சொல்லிவிட்டேன். மந்தம், தலையாட்டல், பாட்டுக் கேட்ட பொய், எல்லாவற்றையும். அத்தை தாம்பாளத்தை மார்போடு பிடித்துக்கொண்டு கேட்டார். என் பயங்கள் எல்லாம் வரிசை கட்டி நின்றன. அவர் திட்டவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“அப்ப இது ஒங்கிட்டேருந்து வந்ததா?”

அந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்கு விடை தெரியாது. பின்னால் பரிசோதித்தவர்களும் உறுதியாகச் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரரிடம் சொன்னபோது, “பொண்டாட்டிக்கும் கேக்காது, புள்ளைக்கும் கேக்காதுன்னா நான் யாருகிட்டத்தான் போன் பேசுறது?” என்று சிரிக்கப் பார்த்தார். பாதியில் குரல் உடைந்துவிட்டது. அதற்கப்புறம் அந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை. லைன் போனதா, அவர்தான் பேசவில்லையா, எனக்குத் தெரியவில்லை.

திருச்சியில் காது ஆஸ்பத்திரிக்குப் போனோம். அத்தைதான் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டார். பஸ் ஹாரன் அடிக்கும் ஒவ்வொரு தடவையும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். நானும் அதையேதான் பார்த்தேன்.

சுவரெல்லாம் மெத்தை தைத்த சின்ன அறை. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு என்னை உட்காரச் சொன்னார்கள். பரிசோதிக்கிற பெண் பின்னால் நின்று ஒரு சின்ன மணியை ஆட்டினார். ஹெட்செட் வழியாக எனக்குக் கேட்டது. மடியில் அசைவில்லை. கிலுகிலுப்பை. எனக்குக் கேட்டது. மடியில் அசைவில்லை. ஒவ்வொரு சத்தமும் என் காதில் விழ விழ, இந்தத் தடவை திரும்புவான் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். வாழ்நாளில் அன்று ஒரு நாள்தான் எனக்குக் கேட்காமல் இருந்தால் தேவலை என்று தோன்றியது. கேட்காமல் இருந்தால் மணியே அடிக்கவில்லை என்று நினைத்துக்கொள்ளலாம் அல்லவா.

பிறகு அவனைத் தூங்கவைத்து நெற்றியில் ஒயர் ஒட்டி இன்னொரு சோதனை செய்தார்கள். இரண்டு காதும் பாதிப்பு. இப்போதே மெஷின் போட வேண்டும், விழித்திருக்கும் நேரமெல்லாம் காதில் இருக்க வேண்டும், கேட்டால்தான் பேச்சு வரும், போதவில்லை என்றால் அடுத்து ஆபரேஷன் பற்றிப் பார்க்கலாம் என்றார்கள். பிறகு அந்தப் பெண் என் காதிலிருந்த ஹெட்செட்டைக் காட்டினார்.

“ஒங்களுக்கு யாரும்மா டெஸ்ட் பண்ணாங்க?”

“யாரும் பண்ணலைங்க.”

“இது பாட்டுக் கேக்குறதுக்கு உள்ளதும்மா. ஒங்களுக்கு எந்தச் சத்தம் கேக்கலன்னு அதுக்குத் தெரியாது. எல்லாத்தையும் ஒண்ணாக் கூட்டி வுட்டுரும்.”

என்னையும் அதே அறையில் உட்கார வைத்தார்கள். எனக்கும் மெஷின்தான் என்று முடிவானது.

வீட்டில் மெஷின் வந்து இறங்கிய அன்று, அத்தை பிள்ளையுடையதைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். “தம்பிக்கு முடி எறக்கிக் காது குத்துறது இருக்கு. அதுவரைக்கும் பொட்டியிலயே இருக்கட்டும். மொட்டத் தலையில ரெண்டு பக்கமும் இதை மாட்டி வச்சா எங்கிட்டு மறைக்கிறது? வந்த சனம் பூரா காதத்தான் பாக்கும்.”

அவர் சொன்னது சரிதான். காதுகுத்து என்பதே ஊரைக் கூட்டிக் காதைக் காட்டுவது. எனக்கும் உதறல்தான். சரி அத்தை என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் ஒருத்தருக்கும் தெரிய வேண்டாம் என்ற அந்தப் பேச்சை நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன்.

“நான் தலையாட்டித் தலையாட்டித்தான் இங்க வந்து நிக்கிறேன் அத்தை. அவனும் ஆட்ட வேணாம்.”

அத்தை கொல்லைக்குப் போய்விட்டார்.

மாட்டிவிட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. கை தட்டினேன், கூப்பிட்டேன், பாடினேன். அவன் மெஷினைப் பிடுங்கி வாயில் போட்டுச் சப்பினான். கேட்டுப் பழகாத காது, நாளாகும் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். நாளாக ஆக என் பயம்தான் வளர்ந்தது. அவன் பார்க்கட்டும் என்று என் மெஷின் தெரியும்படி முடியைத் தூக்கிக் கொண்டை போட்டுக்கொண்டேன்.

காதுகுத்து குலசாமி கோயிலில். மொட்டையடித்துச் சந்தனம் பூசி, இரண்டு காதிலும் மெஷினோடு அவனைத் தாய்மாமன் மடியில், என் தம்பி மடியில், உட்கார வைத்தோம். எல்லாரும் பார்த்தார்கள். முன்பெல்லாம் பின்னால் பேசுவது எனக்குக் கேட்காது. இப்போது நன்றாகக் கேட்டது.

“அதென்னடி புள்ள காதுல?”

“ஆத்தாளுக்கும் இருக்கு பாரு.”

குனிந்து நின்றேன். ஓடிவிடலாம் போல இருந்தது. ஆசாரி தங்கக் கம்பியை எடுத்து மஞ்சளில் தொட்டார். பின்னால் நின்ற பெண்கள் குலவை போட்டார்கள்.

என் தம்பியின் மடியில் இருந்த பிள்ளைக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு கையும் மேலே பறந்தன. கண்கள் விரிந்தன. உதடு பிதுங்கி, ஒரு கணம் மூச்சை இழுத்து, வீறிட்டு அழுதான்.

“ஊசியே படல, அதுக்குள்ள அழுவுறான்” என்று யாரோ சிரித்தார்கள். “சரியான பயந்தாங்கொள்ளியா இருக்கானே.”

அத்தை என் பக்கத்தில் தட்டோடு நின்றிருந்தார். என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“ஆமாடி, பயந்துட்டான்” என்றார் எல்லாருக்கும் கேட்கும்படி. “எம்பேரன் பயந்துட்டான்டி. ஏன் நிறுத்திட்டீங்க? இன்னொருக்காக் குலவை போடுங்க.”